அடிநாதம்

தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்த ஒருவனுக்கு ஜாஸ் இசையில் என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் என்னைக் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. ஜாஸ் என்றதும் நம்மவர் மனக்கண்ணில் தோன்றுபவை பெருநகர் ஹோட்டல்களும், மங்கிய விளக்குகளும், மதுக்கிண்ணங்களுமே. அது அமெரிக்கக் கறுப்பு மக்களின் இசை என்பதும், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டுப் பருத்தித் தோட்டங்களிலும் கரும்புத் தோட்டங்களிலும் உழைத்து மாய்ந்தவர்களின் சந்ததியார் படைத்த இசை என்பதும் பெரும்பாலும் மறக்கப்பட்டுவிடுகின்றன. தோட்டத்து மக்களின் துயரத்திலே வேர்கொண்ட இசையைத் தோட்டத்தில் பிறந்தவன் கேட்பதில் வியப்பென்ன என்பதே நான் வழக்கமாகச் சொல்லும் விடை.

ஆனால் அந்த விடை முழுமையானதன்று. என்னை அந்த இசைக்குள் இழுத்துச் சென்றது சாக்ஸபோனும் அன்று, பியானோவும் அன்று. அவை இரண்டுக்கும் அடியில், கவனியாதவன் செவிக்குக் கேட்காமலே போய்விடக்கூடிய ஒரு தாழ்ந்த ஒலி. டபிள் பேஸ் என்னும் வாத்தியத்தின் ஒலி அது. வயலின் குடும்பத்தில் அதுவே மிகப் பெரியது. ஓர் ஆளினும் சற்று உயரமானது. வாசிப்பவன் நின்றபடியே அதைத் தோளோடு சாய்த்து அணைத்துக்கொள்ள வேண்டும். நான்கு தந்திகளே உண்டு. அவற்றுள் தடித்த தந்தி விநாடிக்கு ஏறத்தாழ 41 முறைதான் அதிரும். மனிதச் செவி கேட்கக்கூடிய ஒலிகளின் அடிவாரத்துக்கு அண்மையிலுள்ள ஒலி என்று அதைச் சொல்லலாம்.

மேற்கத்திய சாஸ்திரீய இசையில் இவ்வாத்தியத்தைப் பெரும்பாலும் வில்லால் வாசிக்கிறார்கள். ஜாஸ் கலைஞனோ விரலால் சுண்டி வாசிக்கிறான். தாளத்தின் ஒவ்வோர் அடிக்கும் ஒரு சுரம் என்று அவன் ஓயாமல் சென்றுகொண்டிருக்கிறான். இதனை 'நடத்தல்' என்றே அவர்கள் குறிப்பிடுகிறார்கள். நமது சங்கீதத்திலும் தாளத்தின் போக்குக்கு 'நடை' என்பதுதானே பெயர்? மற்றவர்கள் தம் கற்பனை போன வழியே பறந்து திரிந்துவிட்டுத் திரும்பி வந்து கால் ஊன்றுவது அவன் போட்டு வைத்த நிலத்தின் மீதுதான். கைதட்டல் பறந்தவர்களுக்கு. நிலத்தை யாரும் பாராட்டுவதில்லை.

இந்த ஒலியை முதன்முறை கேட்டபோது எனக்கு அது புதிதாகத் தோன்றவில்லை. காரணம் என் பாட்டனார். அட்டனுக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டத்தில் அவர் தப்படித்தவர். அந்நாளில் விடியற்காலை இருளில் தப்பொலி கேட்டுத்தான் லயங்கள் விழித்தன. அந்த ஒலியைக் கேட்டுத்தான் ஆணும் பெண்ணும் பெரட்டுக்களத்துக்கு ஓடினார்கள். மலைநாட்டுப் பனியில் தோல் தளர்ந்துவிடும். ஆகவே எல்லாரும் எழுவதற்கு முன்பே அவர் எழுந்து, சருகு கொளுத்தித் தப்பைச் சூடேற்ற வேண்டும். காமன் கூத்துக்கும் அவரே, மாரியம்மன் திருவிழாவுக்கும் அவரே, சாவுக்கும் அவரே. தூரத்திலே துரைமாரின் கிளப்பில் பாண்டு வாத்தியம் முழங்கும் இரவுகளைப் பற்றி அவர் ஒருமுறை சொன்னார்: “பாட்டு அங்கேயே நின்னுரும்பா. அடிதான் மலை ஏறி வரும்.” தாழ்ந்த ஒலி தடைகளை வளைத்துச் சென்று, காற்றில் குறைவாகவே தேய்ந்து, நெடுந்தூரம் போகும் என்று விஞ்ஞானம் கூறுவதைப் பள்ளிக்கூடம் காணாத அம்முதியவர் செவியாலே அறிந்திருந்தார்.

அவ்வாறு மலை ஏறி வந்த ஓர் அடியைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன். அதை அடித்தவர் யூஜின் ரைட் என்ற கறுப்பு அமெரிக்கர். 1923ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் திகதி சிக்காகோ நகரில் பிறந்தவர். பள்ளியில் கோர்னெட் என்னும் ஊதுவாத்தியம் பழகியவர், டபிள் பேஸைத் தாமாகவே கற்றுக்கொண்டார். இருபது வயதளவிலே 'டியூக்ஸ் ஒஃப் ஸ்விங்' என்ற சொந்தக் குழுவை நடத்தினார். 1940களின் பிற்பகுதியில் கவுண்ட் பேசியின் புகழ்பெற்ற குழுவில் வாசித்தார். ஜீன் அமன்ஸ், பட்டி டிஃபிராங்கோ, கால் ஜேடர் முதலியோருடனும் வாசித்தார். கூட வாசித்தவர்கள் அன்போடு அவருக்கு இட்ட பட்டப்பெயர் 'செனட்டர்'. அமெரிக்கத் தென் மாநிலங்களில் கறுப்பு மக்களுட் பெரும்பாலோர் வாக்களிக்கவே முடியாதிருந்த காலத்தில் ஒரு கறுப்பு இசைஞருக்குக் கிடைத்த அந்தப் பெயரை நினைத்துப் பாருங்கள்!

1958ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ரைட், டேவ் பிரூபெக் என்ற வெள்ளைப் பியானோக் கலைஞரின் நால்வர் குழுவில் சேர்ந்தார். சாக்ஸபோன் வாசித்த போல் டெஸ்மண்டும், டிரம் வாசித்த ஜோ மொரெல்லோவும் வெள்ளையர். நால்வரில் கறுப்பர் இவர் ஒருவரே. சேர்ந்த சில வாரங்களுக்குள், பெப்ரவரி 5ஆம் திகதி, வட கரோலினா மாநிலத்து கிரீன்வில் நகரில் ஈஸ்ட் கரோலினா கல்லூரியில் அவர்களுக்கு ஒரு கச்சேரி இருந்தது. கறுப்பர் ஒருவர் வெள்ளையரோடு மேடையேறுவதை அனுமதிக்க முடியாது எனக் கல்லூரி அதிகாரிகள் தடுத்தார்கள். அவரில்லாமல் நாங்கள் வாசிக்கமாட்டோம் என்று பிரூபெக் மறுத்துவிட்டார். மண்டபத்தில் காத்திருந்த மாணவர்கள் பொறுமையிழந்து தரையைக் காலால் உதைத்து ஓசை எழுப்பினார்கள். கல்லூரித் தலைவர் மாநில ஆளுநருடன் தொலைபேசியில் பேசினார். இறுதியில் ஒரு நிபந்தனையோடு அனுமதி வந்தது: பேஸ் வாசிப்பவர் மேடையின் பின்புறத்திலேயே நிற்க வேண்டும்.

நால்வரும் மேடையேறினார்கள். ரைட் பின்னே நின்றார். நிபந்தனை பற்றி அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போது, உமது ஒலிவாங்கி பழுதாகிவிட்டது, முன்னே வந்து நான் பேசுகின்ற ஒலிவாங்கியில் தனியாக வாசியும் என்று பிரூபெக் அவரை அழைத்தார். ரைட் தம் பெரிய வாத்தியத்தை அணைத்துக்கொண்டு முன்னே வந்தார், வாசித்தார். எதிர்த்து ஒரு குரல்கூட எழவில்லை. மாணவர்கள் ஆரவாரித்து மகிழ்ந்தார்கள். கேட்க வந்தவர்களுக்கு இல்லாத தீட்டு நிர்வாகம் செய்ய வந்தவர்களுக்கு இருந்தது!

அதே ஆண்டில் அக்குழு அமெரிக்க இராஜாங்கத் திணைக்களத்தின் ஆதரவில் நெடும் பயணம் புறப்பட்டது. போலந்து, துருக்கி, இந்தியா, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான், ஈராக் எனச் சென்ற அப்பயணத்தில் நம் இலங்கையும் ஒரு தங்குமிடம். 1956 முதல் அமெரிக்க அரசு ஜாஸ் கலைஞர்களை இவ்வாறு 'தூதுவர்'களாக அனுப்பிவந்தது. பனிப்போர் மும்முரமாயிருந்த காலம் அது. கறுப்பரை ஒடுக்கும் நாடு என்று உலகம் சொல்லிக்கொண்டிருந்தபோது, பார்த்துக்கொள்ளுங்கள், வெள்ளையரும் கறுப்பரும் எங்கள் மேடையில் ஒன்றாக நிற்கிறார்கள் என்று காட்டுவதற்கு ஒரு கலப்புக் குழுவை விடச் சிறந்த சாட்சி வேறென்ன? கிரீன்வில்லில் பின்னே நிறுத்தப்பட்டவர் கொழும்பிலே ஒரு பெரிய தேசத்தின் பிரதிநிதி. தன் வீட்டுத் திண்ணையில் உட்கார விடாதவனை அயல் வீட்டுக்குச் சம்பந்தம் பேச அனுப்பியது போலிருக்கிறது இந்த ராஜதந்திரம்.

இதைக் கண்டு அமெரிக்காவை ஏளனம் செய்யும் உரிமை நமக்கு உண்டா? அவர்கள் வந்த அந்த 1958ஆம் ஆண்டில் இந்நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் பாதிக்கு மேல் ஈட்டித் தந்தது தேயிலை. உலகெங்கும் இத்தீவின் தூதுவனாகச் சென்றதும் அதுவே. 1972இல் நாட்டின் பெயர் மாறிய பின்னும் உலகச் சந்தையில் 'சிலோன் டீ' என்ற பெயர் மாறவில்லை. ஆனால் அக்கொழுந்தைக் கிள்ளிய கைகளுக்குரியோர்? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. கொழுந்துக்கு நாடு இருந்தது, கொழுந்து பறித்தவளுக்கு இல்லை. பின்னே நில், ஆனால் வாசிப்பை நிறுத்தாதே என்பதுதான் கிரீன்வில்லிலும் மலைநாட்டிலும் விதிக்கப்பட்ட நிபந்தனை. அந்தக் கச்சேரிக் குழு வந்துபோன ஆண்டின் மே மாத இறுதியில் இந்நாட்டுத் தமிழர் மீது கட்டவிழ்த்து விடப்பட்ட வன்செயலை நாம் மறந்துவிடவில்லை.

இனி அப்பயணம் இசைக்குச் செய்ததைச் சொல்ல வேண்டும். அரசுகள் தம் நோக்கத்துக்காகக் கலைஞர்களை அனுப்புகின்றன. கலைஞர்களோ தம் நோக்கத்துக்கு உரியவற்றைத் தேடிக்கொண்டு திரும்புகிறார்கள். சென்னையில் அவர்கள் மிருதங்க மேதை பழநி சுப்பிரமணிய பிள்ளையுடன் சேர்ந்து வாசித்தார்கள். இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளையவர்களின் வாசிப்பில் தொப்பி என்னும் தாழ்ந்த பக்கம் எழுப்பிய கும்கி நாதத்தின் இனிமையை இன்றும் ரசிகர்கள் பேசுவார்கள். அடிநாதத்தின் அருமை அறிந்த இரு மரபுகள் அங்கே எதிரெதிரே அமர்ந்தன. இஸ்தான்புல் நகரில் தெருக் கலைஞர்கள் ஒன்பது எண்ணிக்கையில் வாசிக்கக் கேட்ட பிரூபெக், அதைக் கொண்டு 'புளூ ரொண்டோ அ லா டர்க்' என்ற உருப்படியை அமைத்தார். 1959இல் வெளிவந்த 'டைம் அவுட்' இசைத்தட்டில் அதுவும், போல் டெஸ்மண்ட் அமைத்த 'டேக் ஃபைவ்' என்பதும் இடம்பெற்றன. பத்து இலட்சத்துக்கு மேல் விற்பனையான இசைத்தட்டு அது.

ஜாஸ் அதுவரை பெரும்பாலும் நான்கு எண்ணிக்கையிலே நடந்தது. 'டேக் ஃபைவ்' ஐந்து எண்ணிக்கையில் நடக்கிறது. நமக்கு ஐந்து புதிதன்று, கண்ட நடையில் ஊறிய செவிகள் நம்முடையவை. ஆனால் அம்மேடையில் அது துணிச்சலான காரியம். மூன்றும் இரண்டுமாகப் பிரிந்த அந்த ஐந்தைப் பியானோவும் பேஸும் இறுகப் பிடித்துக்கொண்டு நிற்க, அதன் மேல் டிரம் கலைஞர் தம் விருப்பம்போல் மௌனமும் இடியுமாக விளையாடுகிறார். அந்நேரத்தில் டபிள் பேஸை மட்டும் கவனித்துக் கேளுங்கள். ஆசை காட்டியும் அசையாமல், சலிப்புத் தட்டாமல், ஒரு சுரம்கூட மிகையாக வாசிக்காமல் ரைட் நிற்கிறார். லயம் என்றால் நமக்கு ஒரு வரிசை அறைகள். சங்கீதக்காரருக்கோ லயம் என்பது காலத்தின் ஒழுங்கு. அந்த வரிசை அறைகளில் வாழ்ந்து, மழையென்றும் பனியென்றும் பாராமல் ஆண்டாண்டாக ஒரே ஒழுங்கில் மலையேறி இறங்கிய எங்கள் தாய்மாரின் கால்களையே அந்தச் சுரங்களில் நான் கேட்கிறேன்.

புகழ் வந்த பின்னும் பழைய நிபந்தனை விட்டபாடில்லை. 1960ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தென் மாநிலங்களின் கல்லூரிகளில் 25 கச்சேரிகள் ஏற்பாடாகியிருந்தன. அவற்றுள் 22 கல்லூரிகள் ரைட் மேடையேறுவதை ஏற்க மறுத்தன. அவருக்குப் பதிலாக ஒரு வெள்ளையரை அமர்த்திக்கொள்வது எளிது. பெருந்தொகைப் பணமும் கிடைத்திருக்கும். பிரூபெக் அப்பயணத்தையே கைவிட்டார். தூதுவர் வேடத்தின் பொய்ம்மையை அவரும் அவர் மனைவி அயோலாவும் 'உண்மையான தூதுவர்கள்' என்ற இசை நாடகமாகவே எழுதினார்கள். 1961இல் இசைத்தட்டாகப் பதிவாகி, 1962இல் மொன்டரே விழாவில் அரங்கேறிய அந்நாடகத்தின் நாயகராகப் பாடியவர் லூயி ஆம்ஸ்ட்ரோங். லிட்டில் ரொக் நகரில் கறுப்புப் பிள்ளைகள் பள்ளிக்குள் நுழையத் தடுக்கப்பட்ட 1957ஆம் ஆண்டில், அரசின் சார்பில் சோவியத் நாட்டுக்குச் செல்லமாட்டேன் என்று மறுத்தவர் அவர்.

இங்கே நாம் எதைப் போற்ற வேண்டும்? வெள்ளை மனிதர் ஒருவரின் பெருந்தன்மையை மட்டுமா? அன்று. இரக்கம் யாரையும் முன்வரிசைக்குக் கொண்டுவந்ததில்லை. ரைட் இல்லையேல் அக்குழுவின் இசை நிற்காது. அதை மற்ற மூவரும் தம் செவியாலும் விரலாலும் அறிந்திருந்தார்கள். அவரது உழைப்பே அந்த உண்மையை நிலைநாட்டியது. 'அவனில்லாமல் நாங்கள் வாசிக்கமாட்டோம்' என்ற சொல் இரக்கத்திலிருந்து பிறந்ததன்று, கூட்டுழைப்பின் அறிவிலிருந்து பிறந்தது. அவமதிக்கப்பட்டவன் மட்டும் எழுந்து போனால் அவனுக்குப் பதில் வேறொருவன் வருவான். அவமதிக்கப்படாதவர்களும் சேர்ந்து வாத்தியத்தைக் கீழே வைத்தால்தான் மண்டபத்துக்காரன் கதவைத் திறப்பான்.

நம் நாட்டில் 1948இல் அச்சொல்லைச் சொன்னவர்கள் இல்லாமலில்லை. இடதுசாரிக் கட்சியினர் பாராளுமன்றத்தில் அச்சட்டத்தை எதிர்த்தார்கள். செல்வநாயகம் முதலியோர் அப்பிரச்சினையை முன்னிட்டுத் தமிழ்க் காங்கிரசிலிருந்து பிரிந்து 1949இல் தமிழரசுக் கட்சியை அமைத்தார்கள். ஆனாலும் மிகப் பலர் வாசித்துக்கொண்டேதான் இருந்தார்கள். கச்சேரி தடைப்படவில்லை. 1964இல் இரு நாட்டுத் தலைவர்கள் கூடி, 9,75,000 மனிதரை 5,25,000 அங்கே, 3,00,000 இங்கே, எஞ்சியோர் பிறகு பார்ப்போம் என்று மூட்டை பிரிப்பது போலப் பிரித்தார்கள். எஞ்சியிருந்தோருக்கும் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் வர 2003ஆம் ஆண்டாயிற்று. ஐம்பத்தைந்து ஆண்டுகள்! ஒரு தப்படிப்பவர் பிறந்து, அடித்து, அடங்கிப் போகப் போதுமான காலம் அது.

அரசைக் குற்றம் சொல்லி இக்கட்டுரையை முடித்துவிடலாம். அது எளிது, உண்மையும்கூட. ஆனால் என் பாட்டனாரைப் பின்னே நிறுத்தியது அரசு மட்டுமன்று. மாரியம்மன் ஊர்வலத்தில் அவர் முன்னே போவார். கோயில் வாசல் வந்ததும் அவருக்கு மட்டும் ஊர்வலம் முடிந்துவிடும். அன்னதானப் பந்தி எழுந்த பிறகு, கோயிலுக்குப் பின்புறம் அவருக்கு இலை விழும். அவர் அடித்த அடிக்கு ஆடிய கால்கள் யாவும் நாடற்றவரின் கால்களே. ஒரே சட்டத்தால், ஒரே நாளில் உரிமை இழந்தவர்களே. அவர்களுக்குள்ளும் ஒரு முன்வரிசை இருந்தது. என் தந்தையார் படித்து ஆசிரியரானதும் அந்த வாத்தியத்தை வீட்டுக்குள் வைக்கக்கூடாது என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அவர் வெறுத்தது தப்பின் ஒலியை அன்று, அதை அடித்தவர் நிறுத்தப்பட்ட இடத்தை.

இப்போது காலம் மாறுகிறது என்று சொல்கிறார்கள். பாடசாலை விழாக்களில் பிள்ளைகள் தப்படித்து ஆடுகிறார்கள், பெரிய மனிதர்கள் கைதட்டுகிறார்கள். மகிழ்ச்சிதான். ஆயினும் மேடையில் வாத்தியத்துக்குக் கிடைக்கும் மரியாதை பந்தியில் மனிதனுக்குக் கிடைக்கிறதா என்பதே நான் எப்போதும் கேட்கும் கேள்வி. சென்ற ஆண்டு எங்கள் தோட்டத்துத் திருவிழாவில் அதற்கு ஒரு விடை கிடைத்தது. சாமி தூக்க வந்த இளைஞர்கள், தப்புக்காரர் நால்வரும் எங்களோடு பந்தியில் உட்காருவதானால்தான் தூக்குவோம் என்று தோளைக் கொடுக்காமல் நின்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் அந்த நால்வரின் சாதியினர் அல்லர். பெரியவர்கள் கோபித்தார்கள், கெஞ்சினார்கள், கடைசியில் இறங்கி வந்தார்கள். ஆனால் வரிசையின் கடைக்கோடியில் இடம் என்றார்கள். அந்நேரத்தில் எனக்கு கிரீன்வில் நினைவுக்கு வந்தது.

இளைஞர்கள் கடைக்கோடியை ஏற்கவில்லை. தங்களுக்கு நடுநடுவே நான்கு இடம் விட்டு உட்கார்ந்தார்கள். தப்புக்காரர் மூவர் வந்து அமர்ந்தார்கள். நால்வரில் மூத்தவர் மட்டும் உட்காரவில்லை. “பழகிப்போச்சுங்க தம்பி, வீட்டுக்குக் கட்டிக் குடுங்க” என்றார். அவர் பொட்டலத்தோடு இறங்கிப் போவதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். அவருக்கென விட்ட இடம் பந்தி முடியும்வரை வெறுமையாகவே இருந்தது. அதில் வேறு யாரும் உட்காரவில்லை.

யூஜின் ரைட் 1967இல் அக்குழு கலையும்வரை அதில் வாசித்தார். மற்ற மூவரும் மறைந்த பின்னும் வாழ்ந்திருந்து, 2020ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் திகதி, தமது 97ஆம் வயதில் காலமானார். அவர் மேடையில் புரட்சி பேசியவரல்லர். தம் அடியைத் தவறாமல் அடித்தவர். அவரைச் சூழ்ந்து நின்றவர்கள் அந்த அடியின் பெறுமதியை உணர்ந்திருந்தார்கள். எங்கள் மலைகளிலும் அடி தவறாமல் அடித்தவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. இனிக் கேட்க வேண்டியது அவர்களிடமன்று. அவர்கள் அடித்த அடிக்கு ஆடியவர்களிடம், பாடியவர்களிடம், அந்தத் தாளத்தின்மேல் வாழ்வை அமைத்துக்கொண்டவர்களிடம் கேட்க வேண்டும்: அவர்களில்லாமல் வாசிக்கமாட்டோம் என்று சொல்ல நீங்கள் ஆயத்தமா?